செப்பேட்டின் பின்பக்கம்: தொண்டைமண்டலத்தில் வம்சமும் நிலமும்

காசாக்குடிச் செப்பேட்டை நமது வரலாற்றாசிரியர்கள் எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்கள். முன்பக்கத்தில் பிரம்மா இருக்கிறார். அவருக்கு அங்கிரஸ், அங்கிரஸுக்குப் பிருகஸ்பதி, அப்புறம் சம்யு, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன், அசோகவர்மன் என்று வரிசையாக இறங்கி ஒருவழியாகச் சிம்மவிஷ்ணுவிடம் வந்து தரைதட்டுகிறது வம்சம். இதைப் பின்பக்கத்திலிருந்து படித்தால் என்ன? பின்பக்கத்தில் பிரம்மா கிடையாது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்கிற ஊர் இருக்கிறது. அது இனிமேல் ஏகதீரமங்கலம் என்று வழங்கும், ஜ்யேஷ்டபாத சோமயாஜி என்கிற பிராமணருக்குப் பிரமதேயமாகப் போகும் என்று எழுதியிருக்கிறது. செக்கு, தறி, தரகு என்று அரசனுக்குப் போய்க்கொண்டிருந்த வருமானங்களெல்லாம் இனி யாருக்கு என்று எழுதியிருக்கிறது. நாட்டார் எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஊரை ஒப்படைத்த கதை எழுதியிருக்கிறது.

முன்பக்கம் சமஸ்கிருதம், பின்பக்கம் தமிழ். இது ஏதோ மொழிபெயர்ப்பு வசதிக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. ஷெல்டன் பொல்லாக் இந்தப் பிரிவினையைப் பெரிய கோட்பாடாகவே ஆக்கிவிட்டார். சமஸ்கிருதம் உலகை வியாக்கியானம் செய்கிறது, வட்டார மொழி தகவலைப் பதிவு செய்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். சரிதான், ஆனால் இப்படிச் சொல்லும்போதே தமிழ்ப் பகுதி ஏதோ குமாஸ்தா வேலை மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் அதிகாரம் செயல்படுகிற இடம் அந்தக் குமாஸ்தா பகுதிதான். துரோணருடைய பேரனா இல்லையா என்பது பற்றிக் கொடுகொள்ளியில் ஏர் பிடித்தவனுக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது. வாரம் யார் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் அவன் பிரச்சினை. முன்பக்கம் பின்பக்கத்துக்காக எழுதப்பட்டது. யார் பரம்பரை என்று சொன்னால்தான் யார் நிலம் என்று சொல்ல முடியும். (இராஜராஜன் காலத்தில் மெய்க்கீர்த்தி என்று புகழையும் தமிழிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அதற்கும் இதே வேலைதான்.)

இந்தச் செப்பேடு எந்தச் சமயத்தில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். நந்திவர்மன் பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டு. இவன் நேர்வாரிசு அல்ல. இரண்டாம் பரமேசுவரவர்மன் 731 வாக்கில் இறந்தபோது நாடு தத்தளித்தது. அமைச்சர்களும் கடிகையாரும் மற்றவர்களும் கூடிப்போய் இரணியவர்மன் என்கிற கிளைவம்சத்துக்காரனைப் பார்த்தார்கள். அவனுக்கு நான்கு மகன்கள். மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். கடைசிப் பையன், பன்னிரண்டு வயது, நான் போகிறேன் என்றான். காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்று மாளிகையில் இந்தக் கதை முழுவதும் புடைப்புச் சிற்பங்களாக, கீழே தமிழ் வாசகங்களோடு இருக்கிறது. சி. மீனாட்சி 1941இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். கொண்டுவந்ததைப் பார்த்து இதென்ன யானைத் தலையா என்று அப்பன்காரன் கேட்கிறான். இல்லை, இது உன் மகனுடைய மகுடம் என்று பதில் வருகிறது. மகுடம் என்பது அவர்களுக்கே அடையாளம் தெரியாத பொருளாக இருந்திருக்கிறது!

இப்போது காசாக்குடி என்ன செய்கிறது? சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன், பிறகு புத்தவர்மன், ஆதித்யவர்மன், கோவிந்தவர்மன், இரணியன், நந்திவர்மன் என்று ஒரு பக்கக் கிளையைக் கொண்டுவந்து தண்டில் ஒட்டவைக்கிறது. குடிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்கிறது. ஆனால் இதற்கு ஒரு வருஷம் முந்தைய உதயேந்திரச் செப்பேடு, 21ஆம் ஆட்சியாண்டுக்குரியது, இவனைப் பரமேசுவரவர்மனுடைய மகன் என்றே சொல்லிவிடுகிறது. ஒரே அரசன், அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டு அப்பன்கள். உதயேந்திரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உதயசந்திரன் என்கிற தளபதி நந்திபுர முற்றுகையில் அரசனை மீட்டதோடு சித்திரமாயன் என்கிற பல்லவனைத் தன் கையாலேயே கொன்றான். இந்தச் சித்திரமாயன் யார், யாருடைய மகன் என்று செப்பேடு பேசவில்லை. வாரிசுப் போட்டியில் தோற்றவனுக்கு வம்சம் கிடையாது, பெயர் மட்டும்தான் உண்டு. அதுவும் கொன்றவனுக்குச் சன்மானம் கொடுக்கும்போது தவிர்க்கமுடியாமல் வந்துவிட்ட பெயர்.

ஆக, வம்சாவளி என்பது தொடர்ச்சியின் பதிவு அல்ல. தொடர்ச்சி அறுந்த இடத்தில் போடப்படுகிற தையல். ஒழுங்காக அப்பனுக்குப் பின் மகன் என்று போய்க்கொண்டிருந்தால் யாரும் பிரம்மாவைக் கூப்பிடுவதில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரான்சின் வடகரையில் 911இல் ரோலோ என்கிற கடற்கொள்ளைக்காரத் தலைவனுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து அடக்கினார்கள். அதுதான் பிறகு நார்மண்டி ஆனது. நூறு வருஷம் கழித்து அவன் பேரப்பிள்ளைகள் தூதோ என்கிற பாதிரியாரை வைத்துச் சரித்திரம் எழுத வைத்தபோது, அவர் இவர்களை டிராய் நகரத்து அந்தேனோர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வம்சத்தில் 1035இல் பட்டத்துக்கு வந்தவன் வில்லியம். ஊரறிந்த வைப்பாட்டி மகன். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தான்; 1086இல் ஊர் ஊராக ஆள் அனுப்பி எவ்வளவு ஏர், எத்தனை ஆலை, யார் அனுபவம் என்று கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் என்று எழுதி வைத்தான். ஒரு பக்கம் டிராய், மறுபக்கம் ஏர்க்கணக்கு. காசாக்குடியின் இரண்டு பக்கங்கள்தான். வைப்பாட்டி மகன், கணக்கெடுப்பு என்ற இரண்டு விஷயங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மாமல்லபுரத்துக்குப் போகிற பயணிகளுக்கு வழிகாட்டிகள் சொல்வது நேர்க்கோட்டுக் கதை: மகேந்திரன் தொடங்கினான், மாமல்லன் செய்தான், ராஜசிம்மன் முடித்தான். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரு குடும்பத் தொழில் மாதிரி. ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த இரண்டு உருவங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களில் எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பது ஆய்வாளர்களிடையே இன்றைக்கும் வழக்கு. அத்யந்தகாமன் என்கிற விருதுப்பெயரைப் பிடித்துக்கொண்டு 1962இல் இரா. நாகசாமி, எல்லாமே ராஜசிம்மன் வேலை என்று ஒரே போடாகப் போட்டார். இந்தச் சண்டையில் எனக்குச் சுவாரஸ்யமான விஷயம் ஒன்றுதான். ஒரே விருதுப்பெயரை அப்பனும் வைத்துக்கொள்கிறான், மகனும் வைத்துக்கொள்கிறான் என்பதால் பாறையைச் செதுக்கியது யார் என்பதே தெரியாமல் போகிறது. உளி பிடித்தவர்களைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்பே எந்த அரசன் என்கிற கேள்வி இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இந்த அடைப்பை முழுமையாக்கியவர் கல்கி. 'பார்த்திபன் கனவு' அப்பட்டமாக ஒரு சிற்றரசு வாரிசுக் கதை. கப்பம் கட்ட மறுத்து அப்பன் சாகிறான், மகன் நாடுகடத்தப்படுகிறான், கடைசியில் மேலரசனுடைய மகளையே மணந்து சுதந்திர அரசனாகிறான். 1940களின் தேசியவாத வாசகனுக்கு இது விடுதலைக் கதையாகப் படிக்கக் கிடைத்தது. விடுதலை என்பது உரிய ரத்தம் உரிய சிம்மாசனத்தில் உட்காருவது என்று ஆகிவிட்டது. 'சிவகாமியின் சபத'த்தில் சிற்பிக்கு இடம் உண்டே என்பீர்கள். உண்டு. சிற்பியின் மகளை அரசன் காதலிக்கலாம், பட்டமகிஷி ஆக்க முடியாது. அந்த இடத்தில் நாவல் கண்ணீர் விடுகிறதே தவிரக் கேள்வி கேட்பதில்லை. கல்கியைத் திட்டுவது என் நோக்கமல்ல. ஒரு தலைமுறைக்கே வரலாற்றின் மீது ஆசை உண்டாக்கியவர் அவர். ஆனால் அவர் செப்பேட்டின் முன்பக்கத்தைத்தான் நமக்குப் படித்துக் காட்டினார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சிற்றரசர்கள் சங்கதிக்கு வருவோம். இந்தப் பகுதியின் மத்தியகாலக் குறுநிலத் தலைவர்களில் சம்புவராயர்கள் முக்கியமானவர்கள். செங்கேணிக் குடியினர். சோழர்களுக்குக் கீழே இருந்தவரையில் இவர்களுடைய பெயரே மேலரசனுடைய பெயராக இருக்கிறது: குலோத்துங்கசோழச் சம்புவராயன், ராஜராஜச் சம்புவராயன். அரசன் மாறினால் இவர்கள் பெயரும் மாறும். தன் மாட்டின் மேல் ஒருவன் சூடு போடுவது மாதிரிதான், ஆனால் இங்கே மாடே விரும்பிப் போட்டுக்கொள்கிறது. ஏனென்றால் அந்தப் பெயர்தான் பட்டா. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இவர்களும் பக்கத்துத் தலைவர்களும் தங்களுக்குள்ளேயே உடன்படிக்கை எழுதிக் கல்லில் வெட்டிக்கொள்கிறார்கள். உனக்கு ஆபத்து என்றால் நான், எனக்கு என்றால் நீ. மேலே ஒரு சக்கரவர்த்தி இருக்கும்போதே கீழே இப்படி ஒரு கூட்டு. சோழர் சரிந்த பிறகு, 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டிலிருந்து இவர்கள் தனியாகவே ஆண்டார்கள். ஒருவன் 'வென்று மண்கொண்டான்' என்றே பெயர் வைத்துக்கொண்டான். பூர்வீகம், பிரம்மா, ஒன்றும் கிடையாது. ஜெயித்தேன், எடுத்தேன். இவ்வளவு யோக்கியமான பட்டப்பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவனுக்கு அடுத்து வந்த ராஜநாராயணன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற சதுரங்கப்பட்டினத்துக்கே தன் பெயரைச் சூட்டினான். ராஜநாராயணன் பட்டினம் என்று கல்வெட்டு. ஆட்சி விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுப்போடு முடிந்தது, பெயரும் நிற்கவில்லை.

காடவன் கோப்பெருஞ்சிங்கன் இதற்கு எதிர்மாதிரி. சேந்தமங்கலத்தில் மூன்றாம் இராஜராஜனைச் சிறைவைத்தவன். 1231இல் போசளர்கள் வந்துதான் சோழனை மீட்டார்கள். பலத்தில் இவனுக்கு ஒரு குறையுமில்லை. ஆனாலும் பல்லவ வம்சம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பல்லவப் பேரரசு போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! சக்கரவர்த்தியையே பிடித்துக் கட்டிவைத்தவனுக்கும் செத்துப்போன ராஜாவின் ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

இதெல்லாம் அரசர் கதை, இருக்கட்டும். வம்சம் என்கிற கதையாடல் அரண்மனையிலிருந்து ஊருக்குள் இறங்கிய இடம்தான் நமக்கு முக்கியம்.

தொண்டைமண்டல வேளாளர்களின் காணியாட்சிக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டது ஆதொண்டன் கதை. இந்த நாடு முன்பு குறும்பர் வசம் இருந்தது, 24 கோட்டம் அவர்களுடையவை, புழலில் கோட்டை. குலோத்துங்கனுக்குப் பட்டத்தரசி அல்லாத பெண்ணிடம் பிறந்த ஆதொண்டன் வந்து அவர்களை அழித்து, காட்டைத் திருத்தி, வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். திருமுல்லைவாயில் கோயிலின் வெள்ளெருக்குத் தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவை என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். (வைப்பாட்டி மகன் வந்துவிட்டான், கவனித்தீர்களா?) சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1814இல் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதிலில் இந்தக் கதைக்கு ஆவண அந்தஸ்து கிடைத்துவிட்டது. மிராசு என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. வாரிசுச் சொத்து என்று பொருள். ஆனால் 8ஆம் நூற்றாண்டுக் காசாக்குடியிலேயே ஊற்றுக்காட்டுக் கோட்டமும் இருக்கிறது, அதன் நாட்டாரும் இருக்கிறார்கள், எல்லை நடந்து கல் நடுகிறார்கள். முதல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்ததோ 1070இல். குடியேற்றக் கதை குறைந்தது முந்நூறு வருஷம் தாமதமாக வருகிறது. குடியேறினோம், காட்டை வெட்டினோம், ஆகவே எங்களுடையது என்கிற வாதத்தில் வெட்டியவன் கை யாருடையது என்பது கேட்கப்படவே இல்லை. குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை மறைக்காமல், அதையே உரிமைக்கு ஆதாரமாகச் சொல்கிற அந்தத் தெனாவட்டைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

இதற்கு இடையில் செங்கல்பட்டுச் சீமைக்கு ஒரு விநோதமான ஜமீன்தார் வாய்த்தார். 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தான். 1765இல் முகலாயப் பாதுஷா ஷா ஆலம் அதை உறுதி செய்தான். கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்குத் திருப்பிவிட்டது! 1780இல் ஹைதர் அலி படை வந்து சூறையாடிய பிறகுதான் நேரடி நிர்வாகத்துக்கு எடுத்தார்கள். ஜாகீர் என்பது ஆள் இருக்கும்வரைதான், செத்தால் அரசனுக்குத் திரும்பும் என்பது முகலாய வழக்கம். கம்பெனி சாகாது. அதற்குப் பங்குதாரர் உண்டு, பிள்ளை கிடையாது. ஆயிரம் வருஷமாக ரத்தத்தை வைத்துத் தீர்க்கமுடியாத வாரிசுப் பிரச்சினையைப் பதிவு செய்யப்பட்ட ஒரு வர்த்தக நிறுவனம் ஒரே கையெழுத்தில் தீர்த்துவிட்டது.

கம்பெனியும் டூம்ஸ்டே எழுதியது. 1767 தொடங்கி பர்னார்டு என்கிற பொறியாளர் சுமார் 2000 ஊர்களை அளந்து, வீடுகள், சாதிகள், மானியங்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கெடுத்தார். இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெருமை தரம்பாலுக்கு உண்டு. அவரைப் பின்பற்றி 1990களில் சென்னையில் எம்.டி. சீனிவாஸ், ஜே.கே. பஜாஜ் ஆகியோர் இந்தக் கணக்குகளிலிருந்து அபரிமிதமாக விளைந்த, எல்லோருக்கும் பங்கு கொடுத்த, தன்னாட்சி கொண்ட ஒரு பழைய சமுதாயத்தைக் கட்டியெழுப்பினார்கள். கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, வெட்டியானுக்கும் இவ்வளவு. பாருங்கள், யாரையும் விட்டுவிடவில்லை என்கிறார்கள். விடவில்லைதான். ஆனால் களத்தில் கிடைக்கிற பங்கு வேறு, நிலத்தில் இருக்கிற பங்கு வேறு. வெட்டியானுக்கு மரக்கால் அளந்து போட்டார்கள். அவன் குடியிருந்த மனை யாருடையது? சேரி இருந்த மண்ணும் மிராசுதார் பாத்தியத்துக்கு உட்பட்டது என்றுதான் 19ஆம் நூற்றாண்டு முழுக்க வாதாடினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கின நிலங்களோடு சேர்த்து ஊர்நத்தம், பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இருப்பது உரிமையில் இருப்பது ஆகாது. இதைப் பங்கீடு என்று கொண்டாடுகிறவர்கள் சேரியில் நின்று கணக்கைப் படிக்கவில்லை.

யூஜின் இர்ஷிக் தன் நூலில் (1994) வேறு மாதிரி சொல்கிறார். செங்கல்பட்டின் 'பழமை' என்பதே வெள்ளைக்காரனும் உள்ளூர்க்காரனும் சேர்ந்து பேசிப்பேசி உண்டாக்கியது என்கிறார். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் சும்மா திணிக்கவில்லை, உள்ளூர்க் குரல்களும் அதில் கலந்திருக்கின்றன என்பது அவர் வாதம். எட்வர்ட் சயீதுக்குப் பதில் சொல்கிற ஆர்வம் அதில் தெரிகிறது. நல்ல நூல், படிக்க வேண்டியது. ஆனால் உரையாடல் என்கிற சொல் என்னை உறுத்துகிறது. பிளேஸிடம் பேசியது யார்? மிராசுதாரும் துபாஷும் கணக்குப்பிள்ளையும். பண்ணையாளுக்கு அந்த உரையாடலில் கிடைத்த பாத்திரம் பேசுபொருள் என்பதுதான்.

பண்ணையாள் ஆவணத்துக்குள் பேசுபவனாக வருவதற்கு 1891 ஆயிற்று. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை அது. தரிசு நிலம் கேட்டு அவர்கள் போட்ட தர்க்காஸ்துகளை மிராசுதார்கள் எப்படியெல்லாம் அடித்தார்கள், மனையை விட்டுத் துரத்துவேன் என்கிற மிரட்டல் எப்படி வேலைசெய்தது என்பதை அதில் பார்க்கலாம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பரில் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதன்பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குள்ளேயே கைமாறலாம். திரமென்ஹீரைத் தேவதூதர் ஆக்கவேண்டியதில்லை. அவருடைய அறிக்கையோடு அரசும் மிஷனரிகளும் மிராசுதார்களும் எப்படி மல்லுக்கட்டினார்கள், அடிமைத்தனத்தை எப்படி 'மதப் பிரச்சினை'யாக மாற்றினார்கள் என்பதை ரூபா விஸ்வநாத் 2014இல் வந்த நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்று. காசாக்குடியிலிருந்து 1892 வரைக்குமான நிலக்கொடைப் பிரதிகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால், முன்பக்கமே இல்லாத முதல் செப்பேடு இந்த அரசாணை. துரோணரும் இல்லை, ஆதொண்டனும் இல்லை. உழைக்கிறவனுக்கு நிலம் இல்லை, ஆகவே கொடு என்பதைத் தவிர வேறு பூர்வீகம் அதற்குக் கிடையாது.

அதனால்தானோ என்னவோ அது நிற்கவில்லை. மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு, பெரும்பகுதி கைமாறிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து, மாமல்லபுரம் பக்கம் ஒவ்வொரு சென்ட்டுக்கும் விலை ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

தோழர்கள் சிலர் இதற்கு எதிர்வம்சம் எழுதவேண்டும் என்கிறார்கள். அயோத்திதாசர் அதைத்தான் செய்தார். 'தமிழன்' பத்திரிகையில் 1907 தொடங்கி அவர் எழுதியதெல்லாம் பூர்வ பௌத்தர், நாங்களே இந்த மண்ணுக்கு முந்தியவர்கள் என்கிற தலைகீழாக்கம். 1871 குடிக்கணக்குக்குப் பிறகு ஒவ்வொரு சாதியும் சத்திரிய வம்சம் கேட்டு மனுப்போட்டுக்கொண்டிருந்த சூழலில், ராஜவம்சம் கேட்காமல் அறத்தை வம்சமாகக் கேட்டவர் என்பதில் அவருடைய தனித்துவம் இருக்கிறது. ஆனால் முந்தியவன் உரிமையாளன் என்கிற விதியை அவரும் தொடவில்லை. அந்த விதி இருக்கிறவரை அடுத்து வருகிறவன் இன்னும் முந்திய ஒரு கதையோடு வருவான். பல்லவர், சம்புவராயர் என்று இன்று சாதிச் சங்கங்கள் சுவரொட்டி அடிக்கிறபோது நடப்பது அதுதான். இந்தப் போட்டியில் நாமும் கலந்துகொள்வதா, போட்டியையே நிராகரிப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. நிராகரிப்பது கோட்பாட்டுக்குச் சுலபம், தாலுகா ஆபீசில் கஷ்டம்.

கஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரோடு ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பெரியவர் ஒருவர் பழைய பதிவேட்டு நகலை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அதில் அவருடைய பாட்டன் பெயர் இருந்தது. பட்டா நம்பர் இருந்தது. பஞ்சமி என்றும் இருந்தது. எழுத்தர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவருக்கு நீங்கதான் வாரிசுங்கிறதுக்கு என்ன ஆதாரம்? பெரியவர் சொன்னார்: "எங்க பாட்டன் பேரு இதுல கீதுங்கய்யா. எங்கப்பன் செத்தப்ப சர்டிபிகேட்டு வாங்கணும்னு யாரு சொன்னா? ஊருல வந்து கேளுங்க, நான் யாரு பேரன்னு சொல்லுவாங்க."

எல்லிஸ் அப்படித்தான் செய்தார். ஊருல கேட்டார். மிராசுதார்கள் ஆதொண்டன் பேரைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டார். இவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.